ரின்ஸ்லெஸ் வாஷில் கீறல், கோடு, புள்ளி, பஞ்சு: துணியில் கோளாறா, மிட்டில் கோளாறா?

ஒரு பக்கெட் தண்ணீர், அதில் கொஞ்சம் ரின்ஸ்லெஸ் கரைசல், ஒரு கட்டு மைக்ரோஃபைபர் துணி. அலசாமல் கார் கழுவ இவ்வளவு போதும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்த ஊர் சென்னை. இன்றைக்கும் அடுக்ககப் பார்க்கிங்கில் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றால் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ வந்துவிடும். அதனால் இந்த முறைக்கு மாறியவர்கள் பலர். மாறிய கொஞ்ச நாளில் அவர்கள் கேட்பதும் ஏறக்குறைய ஒன்றேதான்: "கரைசல் நல்லதுன்னுதான் சொன்னாங்க, அப்புறம் ஏன் கீறல் விழுது? ஏன் கோடு கோடா நிக்குது?"

கரைசலை மாற்றுவதற்கு முன்னால் கையில் இருப்பதைப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கீழே ஒவ்வொரு அறிகுறியையும் தனித்தனியாக எடுத்திருக்கிறேன். உங்கள் காரில் தெரிவது எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம். இந்த முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், மற்றதெல்லாம் இதை நம்பித்தான் நிற்கிறது.

அறிகுறிக்குப் போகும் முன்

சாதாரண கார் ஷாம்பு நுரைத்து அழுக்கைத் தளர்த்தும், பிறகு ஹோஸ் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகும். ரின்ஸ்லெஸ் கரைசலில் நுரை ஏறக்குறைய கிடையாது. அதிலிருக்கும் பாலிமர்கள் தூசித் துகளைச் சூழ்ந்துகொண்டு, பெயின்ட்டுக்கும் துகளுக்கும் நடுவே வழுக்கலை உண்டாக்கும். துகளைக் காரிலிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டியது துணிதான், வேறு வழியே இல்லை. ஆகவே இந்த முறையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: துணி எடுத்த மண் அடுத்து எங்கே போகிறது?

துணியை எடுத்துக்கொள்வோம். 40 செ.மீ.க்கு 40 செ.மீ. மைக்ரோஃபைபர் துணியை இரண்டு முறை மடித்தால் உள்ளங்கைக்கு அடங்கும் ஒரு சதுரம் கிடைக்கும். மாற்றி மாற்றி மடித்தால் அதில் 8 சுத்தமான முகங்கள். ஒரு முகத்தில் அரைக் கதவைத் துடைத்தாயிற்று என்றால் அந்த முகத்துக்கு வேலை முடிந்தது. எட்டும் தீர்ந்ததும் துணி அழுக்குக் கூடைக்குப் போகும், பக்கெட்டுக்குத் திரும்பாது. டிடெய்லிங், அதாவது காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்யும் வேலை, செய்கிறவர்கள் இதைக் கேரி டீன் முறை என்பார்கள். பக்கெட்டில் எல்லாத் துணியையும் முதலிலேயே ஊறப்போட்டு, ஒன்று ஒன்றாக எடுத்து, ஒன்றைக்கூடத் திருப்பிப் போடாமல் முடிப்பது.

மிட் என்பது கையில் மாட்டிக்கொள்ளும் உறை. அதற்கு முகம் இரண்டுதான். ஒரு கதவு முடிந்ததும் பக்கெட்டில் முக்கி அலசியே ஆக வேண்டும். அலசியும் போகாத மண் அடுத்த கதவுக்கு வரும். ஹோஸும் நுரையும் உள்ள இடத்தில் இது பெரிய ஆபத்தில்லை, ஏனென்றால் மிட் தொடுவதற்கு முன்பே தண்ணீர் பாதி மண்ணை இறக்கியிருக்கும். ரின்ஸ்லெஸில் அந்த உதவி கிடையாது. என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மெட்ரோ ரயில் வேலையும் கட்டட வேலையும் ஓயாத ஊரில் ரின்ஸ்லெஸுக்குத் துணிதான். மிட்டுக்கும் ஒரு இடம் உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம்.

அளவு ஒன்று பாக்கி. ஆப்டிமம் நோ ரின்ஸ் போன்ற கரைசல்களை 256 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு கலக்க வேண்டும். லிட்டருக்கு 4 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 லிட்டர் பக்கெட்டுக்கு 32 மில்லி. கண் அளவு வேண்டாம், இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி எந்த வீட்டிலும் இருக்கும். மற்ற பிராண்டுகளுக்குப் பாட்டிலில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள்.

"வெயிலில் நிறுத்தினால் வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறது"

அதிகம் பேர் கேட்பது இதுதான், காரணங்களும் இதற்குத்தான் அதிகம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கழித்துவிடுவோம். வட்டமாகத் தெரிவதால் வட்டமாகத் துடைத்ததுதான் காரணம் என்று நினைக்கிறோம். கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. வெளிச்சத்தைச் சுற்றி எந்தக் கீறல் அதற்குக் குறுக்காக அமைகிறதோ அது மட்டும் மின்னும், அதனால் மொத்தமும் வட்டமாகத் தோன்றும். இருட்டில் போன் டார்ச்சைப் போனெட் மேல் பிடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும். நேர்கோட்டில் துடைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் மண் மாட்டிய துணியை நேராக இழுத்தாலும் கீறல் விழத்தான் செய்யும்.

அடுத்தது, கீறல் பழையதா, நீங்கள் போட்டதா? போனெட்டில் ஒரு ஓரத்தைத் தேர்ந்தெடுத்து டார்ச் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாஷ் முடிந்ததும் அதே இடம், அதே கோணம். புதிதாக ஒன்றும் இல்லையென்றால் அது ஷோரூமிலோ, முந்தைய ஓனரிடமோ, சர்வீஸ் சென்டரிலோ விழுந்தது. அதற்குத் துணியை மாற்றி என்ன செய்ய, பாலிஷ்தான் வழி. புதிதாக விழுந்திருந்தால் கீழே உள்ள வரிசையிலேயே சரிபாருங்கள்.

தினமும் கார் துடைக்கிற அண்ணன். அடுக்ககங்களில் ஒருவரே ஒரே பக்கெட், ஒரே மஞ்சள் துணியுடன் வரிசையாக எல்லாக் காரையும் துடைத்துக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பத்துத் துணியை வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துக் கழுவுவீர்கள். மற்ற ஆறு நாளும் பக்கத்து வீட்டு எஸ்யூவியின் மண் உங்கள் போனெட்டில் தேய்ந்துகொண்டிருக்கும். அவர் மேல் தப்பில்லை, அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை அது. "அண்ணே, என் வண்டிக்குக் கண்ணாடி மட்டும் துடைச்சா போதும், பாடியத் தொட வேணாம். காசு அதேதான்" என்று சொல்லிவிடுங்கள். "தூசியாவே இருக்குமே சார்" என்று தயங்குவார். இருக்கட்டும் என்று சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் தூசி கீறாது, தேய்த்தால்தான் கீறும்.

முன்தெளிப்பு. பக்கெட்டில் உள்ள அதே கரைசலை ஒரு பம்ப் ஸ்ப்ரேயரில் ஊற்றி, தொடப்போகும் பகுதியை முதலில் நனைத்து ஒரு நிமிடம் விடுங்கள். செடிக்கு மருந்தடிக்கும் 2 லிட்டர் ஸ்ப்ரேயரே போதும், ஏற்கெனவே மருந்தடித்ததாக மட்டும் இருக்கக் கூடாது. கீழ்க் கதவு, பின் பம்பர், டிக்கிக் கதவு மூன்றுக்கும் இரண்டு முறை தெளியுங்கள். தெளித்தது காய்ந்துவிடக் கூடாது, அதனால் ஒரு நேரத்தில் ஒரு பகுதிதான்.

முகம் மாற்றும் கணக்கு. டிக்கிக் கதவை ஒரே முகத்தில் முழுதாகத் துடைத்துவிட்டுத் துணியைத் திருப்பிப் பாருங்கள். ஓடும் காருக்குப் பின்னால் காற்று சுழல்வதால் சாலைத் தூசி அங்கேதான் அதிகம் படியும். நம்பர் பிளேட்டுக்கு மேல் போன கோடு தனியாகக் கறுத்திருக்கும், ஓரத்தில் சாம்பல் நிறச் சேறு வரி வரியாக நிற்கும், விரலால் தடவினால் நறநறவென்று இருக்கும். ரூஃபில் ஒரு முகம் பாதி ரூஃபுக்குத் தாங்கும், இங்கே கால்வாசிக்கே தாங்காது. முகத்தைப் பரப்பளவு பார்த்து மாற்றாமல் அழுக்கைப் பார்த்து மாற்ற வேண்டும்.

துணியின் தரம். பழைய சிடியின் பளபளப்பான பக்கத்தில், சுத்தமான காய்ந்த துணியைச் சற்று அழுத்திப் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். நல்ல துணி தடம் விடாது. மயிரிழைக் கோடு விழுந்தால் அந்தத் துணிக்குச் சக்கரத்தோடு மட்டும் உறவு. விளிம்புத் தையலையும் தனியாகத் தேய்த்துப் பாருங்கள், பல துணிகளில் நடுப்பகுதி மெத்தென்று இருக்கும், விளிம்பு நைலான் நூல் கீறும்.

மிட் வைத்திருந்தால் அதன் வேரைப் பாருங்கள். புழுப் புழுவாகத் தொங்கும் ஷெனில் மிட்டின் இழைகளை இரு கட்டைவிரலாலும் விலக்கி, அடித்துணியோடு அவை தைக்கப்பட்டிருக்கும் இடத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அலசிப் பிழிந்த பிறகும் மணல் அங்கே உட்கார்ந்திருக்கும். நம்பிக்கை வராவிட்டால், கழுவி முடித்த மிட்டை வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பில் நல்ல தண்ணீரில் பிசைந்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, தண்ணீரை மெல்ல வடித்துவிடுங்கள். அடியில் தங்கியிருப்பது அத்தனையும் உங்கள் கதவில் ஊர்ந்தது. ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் குடியிருப்பவர்கள் இதை ஒரு முறை செய்து பார்த்தால் மிட்டைத் திரும்பத் தொட யோசிப்பார்கள். கடல் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், மோஸ் அளவில் அதன் கடினம் 7, சாதாரணக் கண்ணாடியையே கீறும். பெயின்ட்டின் மேல் இருக்கும் நிறமற்ற அடுக்கான கிளியர் கோட்டின் தடிமனோ சுமார் 40, 50 மைக்ரான், தலைமுடியை விட மெல்லியது.

"வட்டம் இல்லை, நீளமாக ஒரே ஒரு கீறல்"

இது வேறு விவகாரம். பொதுவான தூசியால் வருவதில்லை. ஒரே ஒரு துகளோ, கடினமான ஏதோ ஒன்றோ கூடவே இழுபட்டிருக்கிறது. துணியில் தைத்திருக்கும் பிராண்ட் லேபிள், மிட்டின் மணிக்கட்டுப் பட்டி, கையில் மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள் எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள். லேபிளைக் கத்தரிக்கும்போது தையலை ஒட்டி வெட்டி அடிமுள்ளை விட்டுவிட்டால் லேபிளை விட அது மோசம், நூலைப் பிரித்து எடுக்க வேண்டும்.

தரையில் விழுந்த துணியை உதறிவிட்டுத் தொடர்வது இன்னொரு வழக்கமான காரணம். பார்க்கிங் தரையின் சிமென்ட் பொடி உதறினால் போகாது. விழுந்தால் நேராகத் துவைக்கப் போக வேண்டியதுதான்.

நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அது கிளியர் கோட்டில் ஆழமாக இறங்கியிருக்கிறது, பாலிஷால் முழுதாகப் போகாது. தடுக்காவிட்டால் பாலிஷில் தேற வாய்ப்புண்டு.

"துணி வழுக்கவில்லை, இழுத்துப் பிடிக்கிறது"

புறங்கையைப் போனெட்டில் வையுங்கள். சூடாக இருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டாம், கரைசல் தொட்டதும் ஆவியாகிறது. காலை ஏழு மணிக்குள்ளோ, நிழலில் ஆறவிட்டு மாலையிலோ செய்யுங்கள். வந்து நின்ற உடனே எஞ்சின் சூட்டில் போனெட் தனியாகக் கொதிக்கும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போனெட் குளிர்ந்திருந்தால் துணியின் ஈரத்தைப் பாருங்கள். பலர் வீட்டுத் தரை துடைக்கும் துணியைப் போல முறுக்கிப் பிழிந்துவிடுகிறார்கள். ரின்ஸ்லெஸுக்குத் துணி சொட்டச் சொட்ட இருக்க வேண்டாம், ஆனால் துடைத்த தடம் நனைந்து தெரிய வேண்டும். பக்கெட் மேலேயே ஒரு அழுத்து அழுத்தினால் போதும்.

இதற்கு ஜிஎஸ்எம்மும் காரணமாகலாம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். கழுவ 300 முதல் 400 வரை உள்ளதே சரி. "தடிமனா இருந்தா மெத்துன்னு இருக்கும்" என்று 800, 1,000 என வாங்கினால், அது தண்ணீரைக் குடித்துக் கனத்து, கை தானாக அழுத்தும். மடித்தால் முகம் சரியாக நிற்காமல் சரியும். கனமானது ஈரம் எடுக்க நல்லது, கழுவ அல்ல.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பிடித்தால் பெயின்ட்டைச் சோதியுங்கள். கழுவிக் காய்ந்த போனெட்டில், மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு விரல் நுனியால் தடவுங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் தெரியும். ரயில் பாதை ஓரம் நிற்கும் கார்களில் இரும்புத் துகள், கட்டட வேலை நடக்கும் தெருவில் சிமென்ட் தெறிப்பு, மரத்தடியில் நின்றால் பிசின். எந்தத் துணியும் இவற்றை எடுக்காது, தேய்த்தால் இவற்றைப் பிடித்திழுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பார்தான் எடுக்கும். அதற்கு வழுக்கலாக இதே ரின்ஸ்லெஸ் கரைசலைச் சற்றுக் கெட்டியாக, 64க்கு 1 என்று கலந்து தெளிக்கலாம்.

"துணி ஈரத்தை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டே போகிறது"

வாங்கிய புதிதில் நன்றாக இருந்து இப்போது இப்படி என்றால், துவைத்த விதத்தில் கோளாறு. காய்ந்த துணியை விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உள்ளே போனால் துணி நலம். முத்தாக நின்றால் இழை அடைத்திருக்கிறது.

அடைப்பதில் முதலிடம் ஃபேப்ரிக் கண்டிஷனருக்கு. சட்டைக்கு வாசம் தருவது இழையின் மேல் ஒரு படலமாகப் படிந்து, அது உறிஞ்சுவதைக் கெடுத்துவிடும். அடுத்தது வாக்ஸ், டயர் பாலிஷ், டாஷ்போர்டு பாலிஷ் துடைத்த துணியையும் இதோடு சேர்த்துத் துவைப்பது. சூடும் ஆகாது. மைக்ரோஃபைபர் என்பது பாலியெஸ்டரும் பாலிஅமைடும் கலந்த இழை, பெரும்பாலும் 80க்கு 20 அல்லது 70க்கு 30. அயர்ன் பாக்ஸோ, டிரையரில் அதிகச் சூடோ பட்டால் இழை நுனி உருகிக் கெட்டிப்படும். தொட்டால் மொரமொரப்பாக இருக்கும். அதை மீட்க முடியாது, சக்கரத் துணியாக்கிவிடுங்கள்.

அடைப்பு மட்டும் என்றால் மீளும். கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் லிக்விட் டிடர்ஜென்ட் போட்டு அரை மணி ஊறவைத்து, தனியாகத் துவைத்து, இரண்டு முறை அலசி, நிழலில் காயப்போடுங்கள். பிளீச் வேண்டாம். பவுடர் டிடர்ஜென்ட் போர்வெல் தண்ணீரில் முழுதாகக் கரையாமல் இழைக்குள் தங்கும், அதனால்தான் லிக்விட்.

வாங்கிய நாளிலிருந்தே உறிஞ்சவில்லை என்றால் லேபிளைப் படியுங்கள். 100 சதவீதம் பாலியெஸ்டர் என்று போட்டிருந்தால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

பிளாஸ்டிக் குழாய் டப்பாவில் வரும் மஞ்சள் நிறச் செயற்கைச் சாமாய் (தோல் போன்ற துணி) நன்றாகவே உறிஞ்சும். ஆனால் அதன் மேற்பரப்பு வழவழவென்று இருக்கும், மண் உள்ளே ஒதுங்க இடமே கிடையாது. ஒரு துகள் மாட்டினாலும் பெயின்ட் மேலேயே உருளும். முழுதாகத் தண்ணீரால் அலசிய காருக்கு அது சரி, ரின்ஸ்லெஸுக்கு வேண்டாம்.

"காய்ந்த பிறகு கோடும் மங்கலும் நிற்கிறது"

பெரும்பாலும் கரைசல் அளவுக்கு மேல். "கூடப் போட்டா நல்லா வழுக்கும்" என்று இரட்டிப்பாக ஊற்றினால் பாலிமர் படலம் காய்ந்து கோடாக நிற்கும், தொட்டால் லேசாகப் பிசுக்கும். 256க்கு 1 என்ற அளவுக்குத் திரும்புங்கள். ஏற்கெனவே நிற்கும் கோட்டைச் சற்று நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் எடுத்தால் போய்விடும்.

அளவு சரியாக இருந்தும் வந்தால் உலர்த்தும் துணி பாதிக் காரிலேயே நனைந்துவிட்டது என்று அர்த்தம். உலர்த்துவதற்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். 500 ஜிஎஸ்எம்முக்கு மேல் உள்ள பெரிய துணி பெரும்பகுதி ஈரத்தை எடுக்க, சின்னது ஒன்று கடைசித் துடைப்புக்கு. கண்ணாடிக்கு மட்டும் கட்டம் கட்டமாகக் குழி உள்ள வாஃபிள் நெசவுத் துணி தனியாக. பேஸ்மென்ட்டில் மழைக்காலத்தில் எதுவும் சீக்கிரம் காயாது என்பதையும் கணக்கில் எடுங்கள். அங்கே இந்த இரண்டாவது துணியைத் தவிர்க்கவே முடியாது.

"வெள்ளைப் புள்ளிகள்"

துணியைத் திட்ட வேண்டாம், இது தண்ணீர். போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் துளி காய்ந்த இடத்தில் தங்கிவிடுகின்றன. வீட்டில் ஆர்ஓ மெஷின் வெளியே விடும் கழிவுத் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துக் கார் கழுவுவது சிக்கனம் என்று பலர் செய்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் ஆர்ஓ வடிகட்டிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது, போர்வெல்லை விட அடர்த்தியாக. அதைச் செடிக்கும் ஊற்ற யோசிக்க வேண்டும், கறுப்புக் காருக்கு ஊற்றவே கூடாது. பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

ரின்ஸ்லெஸுக்கு 8 லிட்டர்தான் தேவை என்பது இங்கே கைகொடுக்கும். மெட்ரோ வாட்டர், அதாவது மாநகரக் குடிநீர், வந்தால் அதைப் பிடித்துவையுங்கள், இல்லையென்றால் ஒரு தண்ணீர் கேனில் பாதி போதும். முன்தெளிப்பு ஸ்ப்ரேயருக்கும் அதே தண்ணீர்.

புதுப் புள்ளியாக இருந்தால் வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, நனைத்த துணியை ஓரிரு நிமிடம் போட்டு எடுத்து, உடனே ரின்ஸ்லெஸ் கரைசலால் துடைத்துவிடுங்கள். வெயிலில் வெந்து பெயின்ட்டுக்குள் அரித்த புள்ளி அதற்கு அசையாது.

"பஞ்சு ஒட்டுகிறது"

புதுத் துணியை முதல் முறை துவைக்காமல் பயன்படுத்தினால் வரும். குளியல் துண்டோடு சேர்த்துத் துவைத்தாலும் வரும், மைக்ரோஃபைபர் பருத்திப் பஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெக்கானிக் ஷெட்டில் எண்ணெய்க் கை துடைக்கும் திருப்பூர் பனியன் வேஸ்ட்டைச் சிலர் காருக்கும் எடுக்கிறார்கள். பஞ்சு போகட்டும், அதில் கிடக்கும் தையல் நூலும் சில சமயம் பட்டனும் எதற்கு?

"மிட் வாங்கிவிட்டேன், இப்போது என்ன செய்ய?"

தூக்கிப் போட வேண்டாம். இரண்டு நாள் தூசி மட்டும் படிந்த, பார்க்கிங்கை விட்டு அதிகம் நகராத காருக்கு மிட் வேகமாக வேலை செய்யும். கிரில், அலாய் சக்கரம், கண்ணாடி மடிப்பு போன்ற வளைவுகளுக்கு விரல் போகும் வசதியும் உண்டு. சக்கரத்துக்கு ஒதுக்கியதை மறுபடி பாடிக்குக் கொண்டுவரக் கூடாது. பிரேக்கிலிருந்து உதிரும் துகளில் இரும்பு உண்டு, அது எத்தனை அலசினாலும் இழையில் குத்திக்கொண்டு நிற்கும். நிறத்தை வைத்துப் பிரியுங்கள்: சாம்பல் என்றால் சக்கரம், நீலம் என்றால் பாடி என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

பாடிக்கும் மிட்தான் என்று முடிவு செய்தால் மூன்று மாற்றம் தேவை. நீள இழை ஷெனிலுக்கும் கம்பளி மிட்டுக்கும் பதிலாகக் குட்டை இழை உள்ள, தட்டையான மைக்ரோஃபைபர் மிட். பக்கெட் அடியில் கிரிட் கார்ட் என்கிற பிளாஸ்டிக் சல்லடைத் தட்டு, மிட்டை அதில் தேய்த்தால் மண் அடியில் இறங்கி அங்கேயே நிற்கும். ரூஃப், கண்ணாடி, போனெட், மேல் கதவு வரைதான் மிட், அதற்குக் கீழே துணி. கதவில் இருக்கும் கோட்டுக்குக் கீழ்ப்பகுதிதான் மண்ணின் வீடு, அங்கே மட்டுமாவது மடித்த துணியை எடுங்கள்.

ஸ்பாஞ்சையும் கேட்பார்கள். ஆப்டிமம் விற்கும் பிக் ரெட் ஸ்பாஞ்ச் போல, முகத்தில் குறுக்கு நெடுக்காகக் கீற்று வெட்டியிருப்பதில் மண் கீற்றுக்குள் ஒதுங்கும், பிழிந்தால் விடும். அந்த வடிவம் மிட்டை விட எனக்குப் பிடிக்கும். கடையில் கிடைக்கும் வழவழ மஞ்சள் ஸ்பாஞ்ச் அது கிடையாது, இரண்டையும் ஒன்றென்று நினைக்காதீர்கள்.

மிட்டில் நாற்றம் வந்தால், உள்ளே ஈரம் நின்றிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மிட் காய இரண்டு நாளாகும். உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பி, ஃபேனுக்குக் கீழே தொங்கவிடுங்கள். டிக்கியில் கவரில் போட்டு மூடினால் பூசணம்தான். துணி சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், எனக்கு அதன் மேல் பிரியம் வர இதுவும் ஒரு காரணம்.

"எத்தனை துணி எடுத்தாலும் பாதிக் காரிலேயே தீர்ந்துவிடுகிறது"

ஹேட்ச்பேக்குக்கு 6 முதல் 8, எஸ்யூவிக்கு 10 துணி இருந்தால் வாராந்திரத் தூசிக்குப் போதும். ரூஃபும் மேல் கண்ணாடியும் ஒரு துணி, போனெட்டும் முன் கண்ணாடியும் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரை, டிக்கிக்கு ஒன்று, கடைசியாகக் கீழ் ஓரங்களுக்கு ஒன்று. பத்தும் ஒரே தரமாக இருந்தால் போதும், விலை உயர்ந்த இரண்டை வாங்கி அலசி அலசிப் பயன்படுத்துவதை விட நடுத்தர விலையில் பத்து வாங்குவது பெயின்ட்டுக்கு நல்லது.

பத்தும் இருந்தும் தீர்ந்துபோனால் கணக்கில் ஒரு தவறும் இல்லை, கார் இந்த முறைக்கு அதிக அழுக்கு. மழையில் செம்மண் சாலையில் போய்வந்த வண்டி, சக்கர வளைவில் சேறு காய்ந்து கெட்டிப்பட்ட வண்டி, சிமென்ட் கலவை லாரிக்குப் பின்னால் வந்த வண்டி, இவற்றை முதலில் வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். பிரஷர் தண்ணீர் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள், "துணி போட வேணாம், தண்ணி மட்டும் அடிங்க" என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அங்கே இருக்கும் துணி காலையிலிருந்து எத்தனை வண்டியைப் பார்த்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. மண் இறங்கியதும், சொட்டச் சொட்ட வீட்டுக்கு ஓட்டி வந்து, நிழலில் நிறுத்தி, மிச்சத்துக்குப் பக்கெட்டையும் துணியையும் எடுங்கள். அப்போது ஆறு துணியே தாராளம்.

பறவை எச்சத்தை மட்டும் அடுத்த வாஷ் வரை விட்டுவைக்காதீர்கள். நம் வெயிலில் ஒரே நாளில் பெயின்ட்டை அரித்துவிடும். ரின்ஸ்லெஸில் நனைத்த துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டுவைத்து, ஊறியதும் தேய்க்காமல் அப்படியே மேல்நோக்கி அள்ளி எடுங்கள். அந்தத் துணி அன்றைக்கு வேறெதையும் தொடக் கூடாது, எச்சத்தில் விதையும் மணலும் கலந்திருக்கும்.